கம்ப்பைலருக்குத் தெரியாது, கட்டுரையாளருக்குமா?

சென்ற இதழில் ஒரு மூத்த மென்பொருள் பொறியாளர் எழுதிய கட்டுரையை வாசித்தவர்கள் பலர் கைதட்டியிருப்பார்கள். அப்படித் தட்டும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. கம்ப்பைலருக்குச் சாதி தெரியாது, பாலினம் தெரியாது; செமிகோலனை விட்டுவிட்டால் கலெக்டர் மகனுக்கும் கூலிக்காரர் மகளுக்கும் ஒரே பிழைச் செய்திதான் வரும்; இதைவிடச் சமத்துவமான துறை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். பாடமெல்லாம் யூடியூபில் இலவசமாகக் கிடக்கிறதாம். ஆர்வம் உள்ளவர்கள் தானாக வருவார்களாம். பெண்களையும் தலித் மாணவர்களையும் தமிழ்வழியில் படித்தவர்களையும் மெனக்கெட்டுப் புரோகிராமிங் வகுப்புக்குள் அழைத்து வருவதால் தரம் கெடுமாம். இதற்கு எடுக்கும் முயற்சிகள் எல்லாம் பாசாங்கு என்பது அவருடைய தீர்ப்பு.

பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். கட்டுரையாளருக்குத் தொழில் தெரியும், சந்தேகமில்லை. தொழிலை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ரேஷன் கடைத் தராசுக்கும் சாதி தெரியாது. அதனால் ரேஷன் கடை வரிசையில் யாருக்கும் எப்போதும் அவமானம் நேர்ந்ததில்லை என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? கம்ப்பைலர் பார்ப்பது தன் முன் வந்து சேர்ந்த நிரலை மட்டும். அந்த நிரலை எழுதியவருக்கு வீட்டில் கணினி இருந்ததா, லேபில் விசைப்பலகை கைக்குக் கிடைத்ததா, ராத்திரி எட்டு மணிக்குமேல் லேபில் இருக்க அனுமதி உண்டா என்பதெல்லாம் கம்ப்பைலருக்குத் தெரியாது. கம்ப்பைலருக்குத் தெரியாததால் அப்படி ஒன்றே இல்லை என்கிறார் கட்டுரையாளர். இயந்திரத்தின் அறியாமையை நீதியாகக் கொண்டாடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நடுவராக அவர் நிறுத்தும் கம்ப்பைலரின் வரலாற்றையாவது புரட்டியிருக்கலாம். முதல் கம்ப்பைலர் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஏ-0வை 1952இல் உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண். அதற்கும் முன்னால், 1946 பிப்ரவரியில் ஃபிலடெல்பியாவில் எனியாக் கணினியை உலகத்துக்குக் காட்டியபோது அதற்கு நிரல் அமைத்திருந்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அன்று நிரல்மொழி கிடையாது, அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியரும் கிடையாது. இயந்திரத்தின் சுற்றுப்படங்களை விரித்துவைத்துப் படித்து, கேபிள்களைச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வேலை வாங்கினார்கள். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை. இயந்திரம் கட்டுவது ஆண்களின் பெரிய வேலை, நிரல் எழுதுவது குமாஸ்தா வேலை என்பது அக்கால எண்ணம். பின்னால் அந்தக் குமாஸ்தா வேலையில்தான் பணமும் மதிப்பும் இருக்கிறது என்று தெரிந்ததும் காட்சி மாறியது.

எப்படி மாறியது என்பதும் மறைவான கதையல்ல. 1966இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்காகப் புரோகிராமர்களை ஆராய்ந்து, அவர்களுடைய குணச்சித்திரத்தை வரைந்து கொடுத்தார்கள். ஆராயப்பட்ட 1,378 பேரில் பெண்கள் 186. கிடைத்த சித்திரம் இது: நல்ல புரோகிராமருக்குப் புதிர் என்றால் உயிர், மனிதர்கள் என்றால் ஆகாது. இந்த மாதிரியான சித்திரங்களை வைத்து நிறுவனங்கள் ஆள் எடுத்தன. எடுத்ததால் அப்படிப்பட்ட ஆண்கள் நிறைந்தார்கள். நிறைந்தபின் அவர்களைப் பார்த்து, புரோகிராமர் என்றாலே இப்படித்தான் இருப்பார் என்று உலகம் முடிவுகட்டியது. தன் விடையையே மறுபடி உள்ளீடாக வாங்கிக்கொண்டு சுற்றும் நிரல் எங்கே போய் முடியும் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாததல்ல.

பெண்களுக்கு இயல்பிலேயே இதில் ஈடுபாடு குறைவு என்று அவர் எழுதும் பத்தி, 2017இல் கூகுள் பொறியாளர் ஜேம்ஸ் டாமோர் அலுவலகத்தில் சுற்றுக்கு விட்டு வேலையை இழந்த குறிப்பின் தமிழ் நகல். மூலத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் நேர்மையாவது மிஞ்சியிருக்கும். போகட்டும். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1980களின் நடுவில் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2010 வாக்கில் 18 விழுக்காடு. கால் நூற்றாண்டில் பெண்களின் மூளை பாதியாகச் சுருங்கிவிட்டதா? மலேசியாவின் பினாங்கில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் கண்டது இன்னும் வேடிக்கை. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் மாணவர்களிலும் பெண்களே அதிகம், ஆசிரியர்களிலும் அதிகம், துறைத் தலைமையும் பெண்களிடம். அறைக்குள் குளிர்ச்சியாக உட்கார்ந்து செய்கிற, பாதுகாப்பான, பெண்களுக்கு ஏற்ற வேலை என்று அந்த ஊர் நினைக்கிறது. இயல்பு என்பது ஊருக்கு ஊர் மாறுமா?

பினாங்கு வரைக்கும் எதற்கு? தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியின் சிஎஸ்இ வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய பாதி பெண்களாக இருப்பார்கள். ஏசி அறை, வெயில் படாத வேலை, பெண்ணுக்கு நல்லது என்று பெற்றோரே கவுன்சிலிங்கில் அந்தப் பிரிவைத் தேர்ந்துவிடுகிறார்கள். இதே நாட்டில் 2016இல் ஐஐடிகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே தலைமுறை, ஒரே பாடம். கோட்டா நகருக்கு அனுப்பி இரண்டு வருடம் கோச்சிங் கட்டணம் கட்டப் பையனுக்குப் பணம் எடுப்பார்கள். பெண்ணுக்கு அந்தப் பணத்தை நகையாக எடுத்துவைப்பார்கள். இதில் இயல்பு எங்கே வருகிறது?

இப்போது கட்டுரையின் நடுவில் வரும் சுயசரிதைக்கு வருவோம். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையில் உண்மையான பகுதி அது ஒன்றுதான். 1990களில், வருங்கால வைப்புநிதியிலிருந்து கடன் எடுத்து அவருடைய அப்பா ஒரு 486 கணினி வாங்கித் தருகிறார். மாடி அறையில் அது வைக்கப்படுகிறது. பள்ளிவிட்டு வந்ததும் அங்கேயே கிடை. கேம் ஆடி, கேமைப் பிரித்துப் பார்த்து, சி மொழி கற்று, நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிகிறது. அக்கா காபி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிறார். கல்லூரியில் சேரும்போது இவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட ஆசிரியருக்குத் தெரியவில்லை. ஆக, ஆர்வம் இருந்தால் போதும்.

அந்த அக்கா அதே வீட்டில்தான் இருந்தார். அதே மாடிப்படியில் ஏறினார். கணினி எதிரில் உட்காரவில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார். அவருக்கு ஆர்வம் இருந்ததா இல்லையா என்று கட்டுரையாளர் அன்றும் கேட்டதாகத் தெரியவில்லை, முப்பது ஆண்டு கழித்து இதை எழுதும்போதும் கேட்டதாகத் தெரியவில்லை. நெகிழ்ச்சியான காட்சி என்று நினைத்து எழுதியிருக்கிறார். அவருடைய வாதத்துக்கு எதிரான முதல் சாட்சி காபி டம்ளரோடு நிற்பது அவர் கண்ணில் படவில்லை.

இது அவர் வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 1990களின் பிற்பாதியில் கணினி அறிவியல் மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பேட்டி கண்டார்கள். திரும்பத் திரும்ப வந்த செய்தி இதுதான்: வீட்டுக் கணினி பையனின் அறையில் இருந்தது, அப்பா பையனோடு உட்கார்ந்தார், பெண் எட்டிப் பார்த்தாள். பதினேழு வயதில் இருவரும் ஒரே வகுப்புக்குள் வரும்போது பையனுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கிறது. முதல் வாரத்தில் அவன் சடசடவென்று தட்டுகிறான். ஆசிரியர் அவனைப் பிறவி மேதை என்கிறார். பக்கத்தில் இருக்கும் பெண் தனக்கு இது வராது என்று முடிவுகட்டிக்கொள்கிறாள். முன்பே தொடங்கியதைத் திறமை என்று தப்பாகக் கணக்கெழுதிவிடுகிறார்கள். கட்டுரையாளர் தகுதி தகுதி என்று எழுதுகிற இடங்களிலெல்லாம் இந்தத் தப்புக் கணக்குதான் இருக்கிறது.

இதை ஒவ்வொரு ஆண்டும் கண்ணால் பார்க்கிறேன். முதல் செமஸ்டர் லேபுக்கு வருகிறவர்களில் ஒரு பகுதி சிபிஎஸ்இ பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலிருந்தே கோடிங் வகுப்புக்குப் போனவர்கள். இன்னொரு பகுதி அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்து, பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று தமிழ்வழியிலேயே படித்துவிட்டு வந்தவர்கள். தியரியில் சிலர் என்னையே மடக்குவார்கள், கணினியைத் தொட்ட நேரம் குறைவு. பயாலஜி குரூப்பிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு எல்லாமே புதிது. முதல் இரண்டு வகுப்பு, சுருள் அடைப்புக்குறி எந்த விசையில் இருக்கிறது என்று ஆள்காட்டி விரலால் தேடுவதிலேயே சிலருக்குப் போய்விடும். கேட்க வெட்கப்படுவார்கள். பக்கத்து வரிசையில் ஒருவன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மேடம் அடுத்தது என்பான். அவன் மேல் தப்பில்லை. ஆனால் அவன் வேகத்தையே வகுப்பின் வேகமாக்கினால் தப்பு என்னுடையது.

மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்காரவைக்க வேண்டிவரும் நாட்களில் இதைக் கவனித்தால் போதும். இரண்டு பையன், ஒரு பெண் என்றால் விசைப்பலகை யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவன் தட்டுவான், ஒருவன் சொல்வான், அந்தப் பெண் மடியில் ரெக்கார்டு நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருப்பாள். அழகான கையெழுத்து. "அவுட்புட் வந்துச்சாம்மா?" என்று கேட்டால், "அவன் பாத்துட்டான் மேடம்" என்பாள். செமஸ்டர் முடிவில் ரெக்கார்டுக்கு அவளுக்கு முழு மதிப்பெண். பிளேஸ்மென்ட் தேர்வில் கோடிங் சுற்றில் வெளியே வந்துவிடுவாள். கட்டுரையாளரின் கம்ப்பைலர் அவளை ஒருநாளும் பாகுபடுத்தவில்லை. அவள் அதைத் தொடவே இல்லை.

விசைப்பலகையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்ற வேண்டும் என்று விதி வைத்தேன். விதி என்று ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதைத்தான் கட்டுரையாளர் கையைப் பிடித்து இழுப்பது என்கிறார்.

யூடியூபில் எல்லாம் இலவசம் என்பது அடுத்த வாதம். 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று எடுத்த கணக்குப்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் நகரத்தில் 23.4 விழுக்காடு, கிராமத்தில் 4.4 விழுக்காடு. அதன் பின் செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டதே என்பார். எல்லார் கையிலும் என்றால் யார் கையில்? ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. சரி, போனும் டேட்டாவும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலத் திரையில் வீடியோ பார்க்கலாம். அதே திரையில் நாற்பது வரி நிரலை விரலால் தட்டி, பிழை திருத்தி, ஓட்டிப் பார்ப்பதைக் கட்டுரையாளர் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். வாரம் முடிந்ததும் இந்த வாதத்தை அவரே வாபஸ் வாங்கிவிடுவார்.

கல்லூரிக்குள் வந்தால் கணினி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பல கல்லூரிகளில் பெண்கள் ஹாஸ்டல் கதவு மாலை ஆறரைக்கோ ஏழுக்கோ மூடிவிடும். ஆண்கள் ஹாஸ்டலில் அந்த நேரத்துக்குமேல்தான் பொழுது விடியும். லேப் இரவு வரை திறந்திருக்கும், லைப்ரரி திறந்திருக்கும், 24 மணி நேர ஹேக்கத்தான் நடக்கும், சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கேதான் நடக்கும். ஹேக்கத்தானுக்குப் பெயர் கொடுத்த பெண் வார்டனிடம் அனுமதிக் கடிதம், அப்பாவிடமிருந்து போன், துறைத் தலைவரின் கையெழுத்து எல்லாம் வாங்கி முடிப்பதற்குள் போட்டி முடிந்துவிடும். இதே பையன்கள் கூட்டம் நான்கு வருடம் ராத்திரிகளில் சேர்த்த அனுபவத்தைப் பார்த்து, பசங்களுக்குத்தான் கோடிங்கில் வெறி என்று பிறகு வியக்கிறோம்.

தரம் கெட்டுவிடும் என்ற பயத்துக்குத்தான் கட்டுரையில் அதிக இடம். பதிலும் இங்கேதான் அதிகம் இருக்கிறது, ஏனென்றால் இது ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்ட விஷயம். மார்கோலிஸ், ஃபிஷர் ஆய்வுக்குப் பிறகு கார்னகி மெலனில் என்ன செய்தார்கள்? சேர்க்கையில் முன் அனுபவத்துக்குக் கொடுத்துவந்த எடையைக் குறைத்தார்கள். புதிதாகக் கற்பவருக்கு ஒரு நுழைவு வகுப்பு, தெரிந்தவருக்கு வேறு நுழைவு வகுப்பு என்று பிரித்தார்கள். பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1995இல் முதலாண்டில் சேர்ந்தவர்களில் 7 விழுக்காடாக இருந்த பெண்கள் 2000இல் 42 விழுக்காடு. அனுபவம் இல்லாமல் வந்தவர்கள் போகப் போக ஈடுகொடுத்துவிடுகிறார்கள் என்றும் கண்டார்கள். கார்னகி மெலனின் தரம் போய்விட்டதா? அதைக் கட்டுரையாளரின் நிறுவனத்து ஆள்சேர்ப்புப் பிரிவிடமே கேட்கலாம். அங்கே படித்தவர் ஒருவர் விண்ணப்பம் போட்டால் எழுந்து நின்று வாங்குவார்கள்.

கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் நடந்தது இன்னும் எளிமையானது. மரியா கிளாவே 2006இல் அதன் தலைவராக வந்த காலத்தில் முதல் புரோகிராமிங் பாடத்தை மாற்றியமைத்தார்கள். ஜாவாவுக்குப் பதில் பைத்தான். முன் அனுபவம் இல்லாதவருக்குத் தங்கப் பிரிவு, உள்ளவருக்குக் கறுப்புப் பிரிவு. இரண்டும் கல்லூரியின் நிறங்கள், உயர்வு தாழ்வு இல்லை. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முந்திப் பதில் சொல்லி மற்றவர்களை வாயடைக்கும் மாணவனை ஆசிரியர் தனியே அழைத்து, உன் ஆர்வம் நன்று, நாம் தனியாகப் பேசுவோம், வகுப்பில் மற்றவர்களுக்கு இடம் கொடு என்று சொல்லிவிடுவார். இவ்வளவுதான். கணினி அறிவியலை எடுக்கும் பெண்கள் பத்து விழுக்காட்டிலிருந்து நாற்பதுக்குச் சில ஆண்டுகளில் வந்தார்கள். அந்தக் கடைசி ஏற்பாட்டை நான் என் வகுப்பில் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். காசு செலவில்லாத சீர்திருத்தம் அது.

இந்தியாவில்? 2018 முதல் ஐஐடிகளில் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். இருந்த இடங்களிலிருந்து பிடுங்கிக் கொடுக்கவில்லை. ஆண்களுக்கான இடம் ஒன்றுகூடக் குறையாமல், மேலே சேர்த்தார்கள். எட்டு விழுக்காடு சில ஆண்டுகளில் இருபதைத் தொட்டது. அந்தப் பெண்களும் அதே ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேறி வந்தவர்கள்தான். இதையும் தரக்குறைவு என்று எழுதக் கட்டுரையாளருக்கு எப்படிக் கை வந்தது?

ஜேஇஇ அட்வான்ஸ்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இலிருந்து ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம். அதில் தேறி அட்வான்ஸ்டுக்குப் போனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கான்பூர் பையன் தாய்மொழியில் எழுதலாம், காரைக்குடிப் பெண் எழுத முடியாது. தகுதியின் உச்சம் என்று கட்டுரையாளர் காட்டும் தேர்வு இது.

2024இல் இன்னொன்று நடந்தது. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர், தினக்கூலித் தொழிலாளியின் மகன், ஐஐடி தன்பாத்தில் மின் பொறியியல் இடம் பெற்றார். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை ஐந்து மணி கெடு. ஊரில் திரட்டிப் பணம் சேர்வதற்குள் நேரம் கடந்து, இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இந்தியாவின் மிகக் கடினமான தேர்வில் தேறியவர், சில நிமிடத் தாமதத்துக்காக மூன்று மாதம் நீதிமன்றங்களின் படியேறினார். ஆர்வம் போதும் என்பவர், இவருக்கு எதில் குறை இருந்தது என்று சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை 2007இல் எடுத்தபோதும் தரம் போயிற்று என்று கூவினார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தபோதும் கூவினார்கள். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கியபோதும் அதே பாட்டு. நுழைவுத் தேர்வு இல்லாமல் வந்த தலைமுறைதான் இன்று ஓஎம்ஆர் சாலைக் கட்டடங்களில் பாதியை நிரப்பியிருக்கிறது. அவர்கள் எழுதும் நிரலை வெளிநாட்டுக்கு விற்றுத்தான் கட்டுரையாளர் வகையறாக்களின் நிறுவனங்கள் லாபக்கணக்கு காட்டுகின்றன. விற்கும்போது அது உலகத் தரம். ஒதுக்கீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் தரமில்லை.

சாதி இந்தத் துறைக்குள் கிடையாது என்ற வரிக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. 2020இல் கலிபோர்னியா மாநில அரசு அமைப்பு சிஸ்கோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது, ஒரு தலித் பொறியாளரை இந்திய மேலாளர்கள் சாதியைக் காட்டி ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டில். தனிநபர்கள்மீதான வழக்கு 2023இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டை அரசு அப்போது கைவிடவில்லை. 2022இல் தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேச இருந்த கூட்டத்தைக் கூகுளே ரத்து செய்தது. கடல் கடந்தும் கூடவே போயிருக்கிற ஒன்று, லேப் வாசலில் செருப்போடு கழன்றுவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. வகுப்பில் யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதில்லை, உண்மைதான். "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று முதல் நாள் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்பவனுக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். அதன் பின் புராஜெக்ட் குழு பிரிவதைப் பார்த்தால் மிச்சமும் புரியும்.

பார்வையற்ற மாணவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் இருப்பதே நினைவுக்கு வந்திருக்காது. டி.வி. ராமன் பதினான்கு வயதில் பார்வை இழந்தவர். ஐஐடி பம்பாயிலும் கார்னலிலும் படித்து, திரையைக் காதால் வாசிக்க உதவும் ஈமாக்ஸ்பீக் மென்பொருளை எழுதினார். கார்த்திக் சாஹ்னி என்ற டெல்லி மாணவருக்கு ஐஐடி நுழைவுத் தேர்வு எழுதவே வழி கிடைக்கவில்லை. 2013இல் ஸ்டான்ஃபோர்டு அழைத்துக்கொண்டது. நம் கதவு மூடியிருந்ததால் நமக்குத்தான் நஷ்டம்.

கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. மகளிர் தினத்தன்று இளஞ்சிவப்பு பேனர் கட்டி, பெண்களுக்கு மட்டும் அரை நாள் கோடிங் பட்டறை நடத்தி, சான்றிதழ் கொடுத்து, சிறப்பு விருந்தினரோடு குழுப் படம் எடுத்து அனுப்பிவைப்பது பாசாங்குதான். அந்த ஃபோட்டோக்களில் கடைசி வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், எரிச்சலோடு. நிறுவனங்கள் நடத்தும் பெண்களுக்கான தனி ஆள்சேர்ப்பும் ஏற்கெனவே தப்பிப் பிழைத்தவர்களைப் பொறுக்கி எடுப்பதோடு சரி. ஆனால் அரைகுறையாகச் செய்கிறார்கள் என்பதற்காக, செய்யவே வேண்டாம் என்கிறார் அவர். பாலத்தில் விரிசல் என்றால் ஆற்றில் நீந்திப் போ என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார்.

இதில் பாதிக்கப்படுவது வகுப்புக்கு வராமல் போனவர்கள் மட்டுமல்ல. 2018இல் ஜாய் பூலம்வீனியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. பெரிய நிறுவனங்கள், தேர்ந்த பொறியாளர்கள், கட்டுரையாளர் மெச்சும் அதே தகுதி. கம்ப்பைலர் பிழை எதுவும் காட்டவில்லை. இதைக் கண்டுபிடிக்க, அந்தக் கேமராவின் முன் தன் கறுப்பு முகத்தை வைத்துப் பார்த்த ஒருத்தி ஆய்வுக்கூடத்துக்குள் வரவேண்டியிருந்தது.

கட்டுரையாளருக்குச் சொல்ல இதற்குமேல் இல்லை. மிச்சம் கல்லூரி நடத்துகிறவர்களுக்கு. இந்த ஆண்டு முதலாண்டு வகுப்பு தொடங்குவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். புரோகிராமிங் முதல் பாடத்தை, தெரிந்தவர்களுக்கு ஒரு பிரிவு, தெரியாதவர்களுக்கு ஒரு பிரிவு என்று நடத்த அனுமதி கொடுங்கள். ஆசிரியர் போதவில்லை என்றால் முதல் எட்டு வாரமாவது. மாலையில் லேபைத் திறந்துவைத்து, விடுதியில் தங்காத மாணவர்கள் வீடு திரும்பக் கடைசி பஸ்ஸையும் அதற்கேற்ப ஓட்டுங்கள். பெண்கள் ஹாஸ்டல் கதவு மூடும் நேரத்தை ஆண்கள் ஹாஸ்டல் நேரத்தோடு ஒன்றாக்குங்கள். கடைசி வேலைக்கு நிதி வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.